ஓநாய் எந்த இறந்தகாலத்தில் பேசும்?

(ஜெர்மன் மொழி கற்பிக்கும் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் ஜெர்மன் வகுப்புகளில் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. பருவம் முடியும் நேரத்தில் மாணவர்களை நான்கைந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரிக்கிறோம். கிரிம் சகோதரர்களின் கதை ஒன்றைக் கையில் கொடுத்து, வீடியோவாக எடுத்து வரச் சொல்கிறோம். அட்டையில் கிரீடம் செய்கிறார்கள், கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓநாய் ஆகிறார்கள், மொட்டைமாடி காடாகிவிடுகிறது. வகுப்பு சிரித்து, கைதட்டி, கலைகிறது. இந்தப் பயிற்சியை நான் மனதார நம்புகிறேன். ஆனால் அதில் மொழி எந்த இடத்தில் கற்கப்படுகிறது என்று நாம் போதுமான அளவு பேசவில்லை. படப்பிடிப்புக்கு முன்னால், கதை வசனமாக மாறுகிற அந்த மேசையில்தான் பாதிக்கு மேல் நடந்துவிடுகிறது. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

கதைப் புத்தகத்தைத் திறந்தால் அங்கே இருப்பது பிரேட்டரிட்டும். ஓநாய் வந்தது, கதவைத் தட்டியது, பாட்டியை விழுங்கியது எல்லாமே அந்த எழுத்து வழக்கின் இறந்தகாலத்தில்தான். ஜெர்மன்காரர்கள் வாயால் பேசும்போது பெரும்பாலும் பெர்ஃபெக்டுக்குப் போய்விடுவார்கள். 'போனான்' என்பதற்குப் புத்தகத்தில் 'எர் கிங்' என்று இருக்கும். மியூனிக்கில் ஒருவர் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னால் 'எர் இஸ்ட் கெகாங்கன்' என்பார். 'இரு', 'கொண்டிரு' ஆகிய வினைகளும், முடியும், வேண்டும் என்கிற பொருள் தரும் துணைவினைகளும் பேச்சிலும் பிரேட்டரிட்டும் வடிவிலேயே வரும். மற்ற வினைகளில் வடக்கத்தியர் அதைக் கொஞ்சம் கூடுதலாகப் பயன்படுத்துவார்கள், தெற்கே ஏறக்குறைய மறைந்தே போய்விட்டது. இந்த வேறுபாட்டைப் பலகையில் எழுதி விளக்கினால் மாணவர்கள் தலையாட்டுவார்கள். அடுத்த வாரம் மறந்துவிடுவார்கள். ஒரு கதாபாத்திரத்தின் வாயில் அந்த வாக்கியத்தை வைக்கும்போதுதான் அது அவர்களுக்கே உறுத்தும்.

அதனால் என் வகுப்பில் ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன்: பின்னணிக் குரல் கூடாது. பின்னணிக் குரலை அனுமதித்தால் ஒரு மாணவர் புத்தகத்தைப் படிப்பார், மற்றவர்கள் ஊமைப்படம் போல நடிப்பார்கள். படம் அழகாகக்கூட இருக்கும். ஆனால் ஒருவர்கூட ஒரு வாக்கியத்தையும் சொந்தமாக உருவாக்கியிருக்க மாட்டார். பின்னணிக் குரலை எடுத்துவிட்டால், கதையில் நடக்கும் ஒவ்வொன்றையும் யாராவது யாரிடமாவது சொல்லியாக வேண்டும். யார் சொல்வது, யாரிடம், நடக்கும்போதா, நடந்த பிறகா, ஏன்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடும்போது மாணவர்கள் தாங்கள் இலக்கணம் செய்கிறோம் என்று அறியாமலேயே இலக்கணம் செய்கிறார்கள்.

ஒரு கதையை மூன்று விதமாக எழுதச் சொல்லிப் பாருங்கள். 'சிவப்புத் தொப்பிச் சிறுமி'யையே எடுத்துக்கொள்வோம். முதல் குழு அதை நீதிமன்ற வழக்காக எழுதட்டும். ஓநாய் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. சிறுமி சாட்சி சொல்கிறாள், வேடன் சாட்சி சொல்கிறான். கண்ணால் கண்டதை வாயால் சொல்கிறார்கள், ஆகவே பெர்ஃபெக்ட் வரிசையாக வந்து நிற்கும். இரண்டாம் குழு அதையே தொலைக்காட்சிச் செய்தியாக எழுதட்டும். செய்தி வாசிப்பவர் கோட்டு அணிந்து மேசைக்குப் பின்னால் அமர்ந்து, மூதாட்டி ஒருவர் காட்டருகே உள்ள வீட்டிலிருந்து உயிருடன் மீட்கப்பட்டார் என்று வாசிக்கிறார். பிரேட்டரிட்டும் அங்கே இயல்பாக உட்காரும், செயப்பாட்டு வினையும் கூடவே வந்துவிடும். மூன்றாம் குழுவில் சிறுமி காட்டுக்குள்ளிருந்து அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டே போகிறாள். இப்போது இங்கே நிற்கிறேன், பூப் பறிக்கிறேன், ஒருவர் வருகிறார் என்று முழுவதும் நிகழ்காலம். மூன்று வீடியோவையும் ஒரே நாளில் திரையிட்டால், எந்தக் காலத்தை எங்கே பயன்படுத்துவது என்பதைத் தனியாக ஒரு பாடம் எடுத்து விளக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் எழாது.

'ஏன்' என்ற கேள்வியிலும் இதே பலன் உண்டு. நீதிபதி ஓநாயைப் பார்த்து ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டால், அது 'வைல்' என்று தொடங்கித்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தத் துணை வாக்கியத்தில் வினை கடைசிக்குப் போகும். ஆங்கிலம் வழியாக ஜெர்மனுக்குள் வருகிறவர்களை இது நெடுநாள் தடுமாற வைக்கிறது. தமிழ் பேசும் மாணவர்களுக்கு வினை கடைசியில் வருவது பிறந்ததிலிருந்து பழக்கம். நாம்தான் அதைச் சொல்லிக்கொடுக்காமல் ஆங்கில வாக்கியத்தின் மேல் ஜெர்மனை ஏற்றப் பார்க்கிறோம்.

ஒருமை, பன்மை விளியிலும் தமிழ் மாணவர்களுக்கு ஒரு வசதியும் ஒரு குழியும் சேர்ந்தே இருக்கின்றன. 'நீ', 'நீங்கள்' நமக்குத் தெரியும் என்பதால் 'டூ', 'ஸீ' இரண்டும் விளங்குவதில் சிரமமில்லை. வசனம் எழுதும்போதுதான் சிக்கல் வரும். பெரும்பாலான குழுக்கள் பாட்டியை மரியாதையாக 'ஸீ' என்று அழைக்க வைத்து, ஓநாயை 'டூ' என்று அதட்ட வைக்கும். இன்றைய ஜெர்மன் வீட்டில் இது நேர்மாறாக இருக்கும். பாட்டி குடும்பத்தவர், அவருக்கு 'டூ'. வழியில் எதிர்ப்படும் முன்பின் தெரியாத பெரியவர் ஓநாயாகவே இருந்தாலும் சிறுமி 'ஸீ' என்றுதான் சொல்வாள், அவர் சிறுமியை 'டூ' என்பார். ஜெர்மன் விளி மரியாதையைவிட நெருக்கத்தையே முதலில் பார்க்கிறது என்பதை நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஓநாய் பாட்டியின் கட்டிலில் படுத்திருக்கும் காட்சியை எழுதும்போது ஒரு மாணவி கேட்டாள்: "இப்போது அவள் ஓநாய் என்று தெரிந்துகொண்டு பேசுகிறாளா, தெரியாமல் பேசுகிறாளா? தெரிந்துவிட்டால் 'ஸீ' என்று மாற்றிவிடலாமா?" அந்தக் கேள்வியைக் கேட்டவளுக்கு அதற்கு மேல் அந்தப் பாடத்தில் நான் கற்றுக்கொடுக்க ஒன்றும் இல்லை.

சில ஆசிரியர்கள் என்னிடம் மனவருத்தத்தோடு சொல்வதுண்டு: கதைகளை இப்படி நீதிமன்றத்திலும் தொலைக்காட்சியிலும் கொண்டுபோய் வைத்தால் அந்தப் பழைய நூலுக்குச் செய்யும் அநியாயம் இல்லையா? அவர்களுடைய அக்கறையை மதிக்கிறேன். ஆனால் அந்த நூலின் வரலாறே வேறு விதமாக இருக்கிறது.

யாக்கோப் கிரிம் 1785-இலும் வில்ஹெல்ம் கிரிம் 1786-இலும் ஹனாவ் நகரில் பிறந்தவர்கள். கதைத் தொகுப்பின் முதல் தொகுதி 1812-இல் 86 கதைகளோடு வந்தது, இரண்டாம் தொகுதி 1815-இல் 70 கதைகளோடு வந்தது. நாம் இன்று படிப்பது பெரும்பாலும் 1857-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு. இடைப்பட்ட நாற்பத்தைந்து ஆண்டுகளில் அந்தக் கதைகள் விடாமல் திருத்தப்பட்டன. திருத்தியவர் பெரும்பாலும் வில்ஹெல்ம். ஹென்செலையும் கிரேட்டெலையும் காட்டில் விட்டுவிட்டு வரச் சொல்பவள் முதல் பதிப்பில் பெற்ற தாய். பின்னால் 1840-இன் பதிப்பில் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள். ஸ்னோ ஒயிட் கதையிலும் 1812-இல் பொறாமைப்படுபவள் பெற்ற தாயே, 1819-இல்தான் அங்கே மாற்றாந்தாய் வருகிறாள். ரப்புன்ட்ஸெல் முதல் பதிப்பில் என் உடைகள் ஏன் இறுக்கமாகிக்கொண்டே போகின்றன என்று வெகுளியாகக் கேட்டு, தான் கருவுற்றிருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறாள். நூல் குழந்தைகள் கைக்குப் போகத் தொடங்கியதும் அந்தக் கேள்வி மறைந்தது. இளவரசனைவிட நீங்கள் ஏன் கனமாக இருக்கிறீர்கள் என்று கிழவியிடம் கேட்பதாக அந்த இடம் மாறிப்போனது.

கதை சொன்னவர்களும் நாம் கற்பனை செய்கிற மாதிரி காட்டு ஓரத்துக் குடியானவர்கள் மட்டும் அல்லர். பல கதைகள் காஸெல் நகரத்தின் படித்த குடும்பத்துப் பெண்கள் சொன்னவை. அவர்களில் ஹாஸன்ஃப்ளூக் குடும்பத்துப் பெண்கள் பிரான்சிலிருந்து மதக் கொடுமைக்குத் தப்பி வந்த ஹூகெனோ மரபில் வந்தவர்கள். நிறையக் கதைகள் சொன்ன டோரோதேயா ஃபீமான் ஒரு விடுதிக்காரரின் மகள், தையல்காரரின் மனைவி, தோட்டத்துக் காய்கறி விற்கக் காஸெலுக்கு வருகிறவர். அவரும் தந்தை வழியில் ஹூகெனோ மரபினரே. ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போய், எழுத்தாகி, மறுபடி மறுபடி எழுதப்பட்ட கதைகள் இவை. மாணவர்கள் அந்த வேலையைத் தொடர்கிறார்கள். 1812-இன் பதிப்பையும் 1857-இன் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். கதையில் கைவைக்கத் தயங்கும் மாணவருக்கு அதைவிடப் பெரிய துணிச்சல் வேறெதுவும் தராது. தவளை அரசன் கதையில் இளவரசி தவளைக்கு முத்தம் கொடுக்கவில்லை, கோபத்தில் அதைச் சுவரில் வீசி அடிக்கிறாள் என்பதைப் படித்ததும் வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

எந்தக் கதையைத் தேர்வது? ஸ்னோ ஒயிட்டும் சிண்ட்ரெல்லாவும் வேண்டாம் என்பேன். மாணவர்கள் மனத்தில் டிஸ்னி படங்கள் ஆழமாகப் பதிந்திருக்கின்றன. ஜெர்மன் மூலத்தைப் படிக்காமலே எழுதிவிடுவார்கள்.

நான் மிகவும் விரும்பும் கதை 'அதிர்ஷ்டசாலி ஹான்ஸ்'. ஏழு ஆண்டு உழைத்ததற்குக் கூலியாக ஹான்ஸுக்கு அவன் தலை அளவு தங்கக் கட்டி கிடைக்கிறது. தாயைப் பார்க்க ஊருக்கு நடக்கிறான். வழியில் தங்கத்தைக் குதிரைக்கு மாற்றுகிறான், குதிரையைப் பசுவுக்கு, பசுவைப் பன்றிக்கு, பன்றியை வாத்துக்கு, வாத்தைச் சாணைக்கல்லுக்கு. கடைசியில் அந்தக் கல்லும் கிணற்றில் விழுந்துவிடுகிறது. பாரம் போயிற்று என்று மகிழ்ந்து துள்ளிக்கொண்டு அம்மாவிடம் ஓடுகிறான். ஜெர்மன் ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்து திட்டமிட்டிருந்தால்கூட அக்குஸாட்டிவ் வேற்றுமைக்கு இதைவிட நல்ல பயிற்சியை உருவாக்கியிருக்க முடியாது. ஒவ்வொரு பேரத்திலும் கொடுப்பதும் வாங்குவதும் 'கேகன்' என்ற முன்னிடைச்சொல்லின் இரு பக்கமும் அக்குஸாட்டிவில் வருகின்றன. குதிரையும் பன்றியும் ஜெர்மனில் அஃறிணைப் பால், பசுவும் வாத்தும் பெண்பால், தங்கக் கட்டியும் கல்லும் ஆண்பால். மூன்று பாலும் மாறி மாறி வரும். பேரம் பேசும் காட்சி என்பதால் நடிக்கவும் எளிது. குதிரையை எங்கே போய்க் கொண்டுவருவது என்று கேட்பார்கள். ஒரு சைக்கிளைக் குதிரையாக்கிக்கொள்ளட்டும். அப்படி மாற்றினால் 'டாஸ் ஃபார்ராட்' என்று அதன் பாலையும் தேடிக் கண்டுபிடிப்பார்கள்.

நான்கு பேர் கொண்ட குழுவுக்கு 'பிரேமன் நகரத்து இசைக்கலைஞர்கள்' பொருந்தும். கழுதை, நாய், பூனை, சேவல். உழைத்து ஓய்ந்ததால் எசமானர்கள் கைவிட்ட மூன்றும், குழம்பில் கொதிக்கப் போகிற சேவலும். வழியில் சந்திக்கும் ஒவ்வொருவரிடமும் ஏறக்குறைய அதே கேள்வி, அதே புலம்பல், அதே அழைப்பு. தொடக்க நிலை மாணவர்களுக்கு அந்தத் திரும்பத் திரும்ப வரும் அமைப்பு பெரிய பலம். அவர்கள் கடைசி வரை பிரேமனுக்குப் போய்ச் சேர்வதே இல்லை என்பது பலருக்கும் தெரியாது. போய்ச் சேர்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஒரு காட்சி எழுதச் சொன்னால் கற்பனை தானே ஓடும்.

கொஞ்சம் முன்னேறியவர்களுக்கு 'மீனவனும் அவன் மனைவியும்'. மனைவி இல்ஸெபில் முதலில் நல்ல குடிசை கேட்கிறாள், பிறகு அரண்மனை, பிறகு அரசன், பேரரசன், போப் என்று ஏறிக்கொண்டே போகிறாள். ஒரு பொருள் வேண்டுமென்றால் 'ஹெட்டெ கெர்ன்', ஒன்றாக இருக்க ஆசைப்பட்டால் 'வேரெ கெர்ன்'. வேறுபாட்டை அவளே வாய் ஓயாமல் சொல்லிக் காட்டுவாள். ஆனால் ஓர் எச்சரிக்கை. ஓவியர் ஃபிலிப் ஓட்டோ ருங்கே எழுதி அனுப்பிய அந்தக் கதை மூலநூலில் கீழ்ஜெர்மன் வட்டார மொழியில் இருக்கிறது. தென்ஜெர்மன் வாசகருக்கே அது கடினம். வகுப்புக்குப் பொதுஜெர்மன் வடிவத்தைத்தான் கொண்டுபோக வேண்டும்.

தொகுப்பில் இருக்கிற எல்லாமே நடிக்கத் தக்கவை என்று நினைத்துவிடாதீர்கள். 'முட்புதரில் யூதன்' என்ற கதை அந்தக் காலத்து யூத வெறுப்பை அப்படியே தாங்கி நிற்கிறது. மாணவர்கள் தாங்களாகவே பட்டியலைப் புரட்டிக் கதையைத் தேர்ந்தெடுக்க விடும்போது, அது ஒரு குழுவின் கையில் தற்செயலாகச் சிக்கலாம். உயர்நிலை வகுப்பில் வரலாற்றோடு சேர்த்து அதைப் படிக்கலாம், படிக்கவும் வேண்டும். ஆனால் அதை வேடமிட்டு நடித்துப் படமெடுக்க எந்தக் குழுவுக்கும் கொடுக்கக் கூடாது.

சரி, கேமராவுக்கு வருவோம். ஜெர்மனில் அக்குஸாட்டிவ், டாட்டிவ் என இரண்டு வேற்றுமைகளையும் ஏற்கும் முன்னிடைச்சொற்கள் ஒன்பது இருக்கின்றன. இயக்கம் ஓர் இடத்தை நோக்கிப் போனால் அக்குஸாட்டிவ், ஏற்கெனவே அந்த இடத்தில் இருந்தால் டாட்டிவ். 'இன் டேன் வால்ட்' என்றால் காட்டுக்குள் போகிறான், 'இம் வால்ட்' என்றால் காட்டில் இருக்கிறான். கேமராவின் சட்டகத்துக்குள் அந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். ஓநாய் மரத்துக்குப் பின்னால் ஓடுவது ஒரு ஷாட். ஓநாய் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நிற்பது இன்னொரு ஷாட். படமெடுப்பதற்கு முன் ஒவ்வொரு ஷாட்டையும் ஒரே ஒரு ஜெர்மன் வாக்கியத்தில் எழுதிக் காட்டச் சொல்கிறேன். எழுதிய வேற்றுமை தவறென்றால், இப்போது அவன் நகர்கிறானா, நிற்கிறானா என்று மட்டும் கேட்பேன். ஷாட் பட்டியலைப் பார்த்து அவர்களே திருத்துவார்கள்.

அப்புறம் ரீடேக். பிழையில்லாமல் சொல்லும் வரை ஒரு வாக்கியத்தை வகுப்பில் நாம் திரும்பச் சொல்ல வைத்தால் அது தண்டனை போல ஆகிவிடும். படப்பிடிப்பில் அதே வாக்கியத்தை ஒரு மாணவர் முகம் சுளிக்காமல் பதினைந்து முறை சொல்வார். நாய் குரைத்தது, அண்டை வீட்டு மோட்டார் ஓடியது, கூட நடிப்பவர் சிரித்துவிட்டார். ஒவ்வொரு முறையும் மறுபடி சொல்ல உண்மையான காரணம் இருக்கிறது. பிறகு எடிட்டிங்கில் தன் குரலைத் தானே பலமுறை கேட்கிறார். 'இஷ்' என்பதில் உள்ள மெல்லிய ஒலியும் 'ஆக்' என்பதில் தொண்டையில் உரசும் ஒலியும் ஒன்றல்ல என்பதை ஆசிரியர் சொல்லிக் கேட்பதைவிட, தன் பதிவிலேயே கேட்டு அறிவது ஆழமாக இறங்கும்.

கேமரா முன் நிற்க விரும்பாத மாணவர்கள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்களை வற்புறுத்தக் கூடாது. லோட்டே ரைனிகரைக் காட்டுங்கள். 1899-இல் பெர்லினில் பிறந்த அந்தப் பெண்மணி கறுப்பு அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, கை கால்களைக் கம்பியால் இணைத்து, கீழிருந்து ஒளி வரும் கண்ணாடி மேசையில் வைத்து, சட்டகம் சட்டகமாகப் படமெடுத்தார். அவருடைய சிண்ட்ரெல்லா 1922-இல் வந்தது. முழுநீளப் படமான 'இளவரசன் அஹமதுவின் சாகசங்கள்' 1926-இல் வந்தது. தோல்பாவைக்கூத்து பார்த்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு நிழலுருவங்கள் அந்நியம் அல்ல. ஒரு வெள்ளை வேட்டி, ஒரு விளக்கு, அட்டைப் பொம்மைகள் போதும். முகம் காட்டத் தயங்கியவர்கள் இந்த வடிவத்தில் குரலை நன்றாகத் திறந்து பேசுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஜெர்மன் தொலைக்காட்சியில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் 'சிண்ட்ரெல்லாவுக்கு மூன்று கொட்டைகள்' என்ற படம் ஓடும். 1973-இல் கிழக்கு ஜெர்மனியும் செக்கோஸ்லோவாக்கியாவும் சேர்ந்து எடுத்தது, ட்ரெஸ்டனுக்கு அருகிலுள்ள மோரிட்ஸ்புர்க் கோட்டை அதில் வருகிறது. அதில் வரும் சிண்ட்ரெல்லா குதிரை ஓட்டுவாள், அம்பெய்வாள், இளவரசனைக் கேள்வி கேட்பாள். அருமையான படம். ஆனால் மாணவர்கள் தங்கள் வசனத்தை எழுதி முடிப்பதற்கு முன்னால் அதைக் காட்டாதீர்கள். முன்னால் காட்டினால் அதையே திரும்ப எடுப்பார்கள். பின்னால் காட்டினால் தங்கள் முடிவுகளை அதன் முடிவுகளோடு ஒப்பிட்டு வாதாடுவார்கள், அதுவும் ஜெர்மனில்.

கைப்பேசியில் மொழிபெயர்ப்புச் செயலி வந்த பிறகு ஒரு பெரிய கவலை நம் எல்லோருக்கும் இருக்கிறது. தமிழிலோ ஆங்கிலத்திலோ வசனம் எழுதி, ஒரு நொடியில் ஜெர்மனாக்கிவிடுகிறார்கள். இரண்டாம் நிலை மாணவர் வாயில் பல்கலைக்கழகப் பேராசிரியர் வாக்கியம் வந்து விழுகிறது. மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார், பொருள் கேட்டால் தெரிவதில்லை. தடை போட்டுப் பயனில்லை. வசனத்தை வகுப்பறையிலேயே, காகிதத்தில், பேனாவால் எழுத வைக்கிறேன். அகராதி இருக்கலாம், கைப்பேசி பையில் இருக்கும். வரைவுகள் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்கிறேன். படப்பிடிப்பும் எடிட்டிங்கும் வீட்டில் நடக்கட்டும். மதிப்பெண்ணில் பெரும்பகுதி அந்தக் காகிதங்களுக்கும், முதல் வரைவிலிருந்து கடைசி வரைவு வரை வாக்கியங்கள் எப்படித் திருந்தின என்பதற்கும் போகிறது. நல்ல கைப்பேசி வைத்திருக்கும் பிள்ளைக்கும் இல்லாத பிள்ளைக்கும் இடையே உள்ள வேறுபாடு மதிப்பெண்ணாக மாறாமல் இருக்கவும் இதுவே வழி.

திரையிடும் நாளை வெறும் கைதட்டலோடு முடிக்காதீர்கள். வீடியோ முடிந்ததும் நடிகர்கள் அதே வேடத்தில் வகுப்பின் முன்னால் அமரட்டும். பார்த்தவர்கள் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு கதாபாத்திரத்திடம் ஜெர்மனில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். வாத்தை ஏன் கல்லுக்குக் கொடுத்தாய், உன் அம்மா என்ன சொன்னாள், தங்கம் இல்லையென்று உனக்கு வருத்தமே இல்லையா? இங்கே எழுதிவைத்த வசனம் கிடையாது. ஹான்ஸாக நடித்தவர் ஹான்ஸாகவே யோசித்து, அந்த நேரத்தில் கைக்குக் கிடைக்கும் ஜெர்மனில் பதில் சொல்ல வேண்டும். பிழைகள் வரும், வாக்கியங்கள் பாதியில் நிற்கும், பக்கத்திலிருப்பவர் ஒரு சொல் எடுத்துக்கொடுப்பார். அந்த அரைமணி நேரத்தை மட்டும் பதிவு செய்யாதீர்கள். வீடியோக்களை வெளியே பகிர்வதானால் ஒவ்வொரு மாணவரிடமும், சிறியவர்களானால் பெற்றோரிடமும், எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் அது வகுப்புக்குள்ளேயே இருக்கட்டும்.